சட்டத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்: வாசகர் கேள்வி, நூலகர் பதில்

அமெரிக்க ஃபெடரல் சட்டங்கள் பற்றி வந்திருந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். பதில் சொல்பவள் வக்கீல் இல்லை. சட்ட நூலகத்தில் தகவல் மேஜைக்குப் பின்னால் உட்காருபவள். கிரீன் கார்டு எப்போது வரும் என்று என்னிடம் கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

கேள்வி: கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்கிறார்கள். அந்த 7 எப்போது வந்தது? காங்கிரஸ் என்ன நினைத்து அப்படி எழுதியது என்று நானே தேடிப் படிக்க முடியுமா? (வரிசையில் நிற்கும் ஒரு மென்பொறியாளர், டெக்சாஸ்)

பதில்: தாராளமாக. நடப்பு ஃபெடரல் சட்டங்களின் தொகுப்பான யு.எஸ். கோடில் 8-ஆம் தலைப்பு, 1152-ஆம் பிரிவைத் திறங்கள். பிரிவு முடிந்த இடத்தில், அடைப்புக்குறிக்குள் தேதியும் எண்ணுமாக ஒரு பத்தி இருக்கும். எல்லோரும் தாண்டிப் போகிற பத்தி அது. 1952 ஜூன் 27 தொடங்கி, அந்தப் பிரிவில் கைவைத்த சட்டங்களெல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். இன்னும் கீழே போனால் எந்த ஆண்டு எந்த உட்பிரிவு மாறியது என்ற குறிப்புகள். 1965-இல் வந்த 89-236 என்ற சட்டம், கிழக்கு அரைக்கோள நாடுகளுக்கு நாட்டுக்கு 20,000 என்று வரம்பு வைத்தது. 1990-இன் 101-649, அதன் 102-ஆம் பிரிவில், வரம்பைச் சதவீதமாக மாற்றியது. ஆக, உங்கள் 7 பிறந்தது 1990-இல்.

இந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். 101-ஆவது காங்கிரஸ் நிறைவேற்றிய 649-ஆவது பொதுச் சட்டம், அவ்வளவுதான். அடுத்து அந்தச் சட்டத்தின் முழுப் பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். 1975-லிருந்து ஒவ்வொரு சட்டத்தின் கடைசியிலும், அது எந்தெந்தக் கமிட்டி வழியாக வந்தது, எந்தெந்த நாளில் விவாதம் நடந்தது என்று சின்னக் குறிப்பு ஒன்று அச்சிடுகிறார்கள். முக்கால்வாசி வேலை அங்கேயே முடிந்துவிடும். இந்தச் சட்டத்தின் குறிப்பு 'எஸ். 358' என்று தொடங்கி, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'எச்.ஆர். 4300' என்கிறது. பலர் சறுக்குவது இங்கேதான். ஜனாதிபதி புஷ் 1990 நவம்பர் 29-இல் கையெழுத்திட்டது செனட் மசோதாவான எஸ். 358-இல். ஆனால் பிரதிநிதிகள் சபை தன் பங்குக்கு உட்கார்ந்து அலசியது எச்.ஆர். 4300-ஐ. எஸ். 358 என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தால், நீங்கள் அவசியம் படிக்க வேண்டிய சபைக் கமிட்டி அறிக்கை, எண் 101-723, கண்ணில் படாமலே போகலாம். செனட் கமிட்டியின் அறிக்கை 101-55. இரண்டு சபைகளும் உட்கார்ந்து பேசி முடித்த கூட்டுக் கமிட்டியின் அறிக்கை 101-955.

இதெல்லாம் எங்கே கிடைக்கும்? காங்கிரஸ்.கவ் தளத்தில் மசோதாக்களின் வாசகம் 1989-லிருந்து இருக்கிறது. கமிட்டி அறிக்கைகளோ 1995-லிருந்துதான். எனவே உங்கள் 101-723-க்கு நூலகம் போகவேண்டியிருக்கும். சட்டங்களையும் கமிட்டி அறிக்கைகளையும் சேர்த்து அச்சிடும் யு.எஸ்.சி.சி.ஏ.என். என்று தடித்தடியாக ஒரு தொகுதி வரிசை உண்டு. அதன் 1990 தொகுப்பில் 6710-ஆம் பக்கத்தில் அந்த அறிக்கை தொடங்குகிறது. ஃபெடரல் டெபாசிட்டரி நூலகம் எது பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் இலவசமாகப் பார்க்க அனுமதிப்பது அவர்கள் கடமை. மாணவர் அட்டை இருக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை.

சரி, காங்கிரஸ் என்ன நினைத்தது என்று கேட்டீர்களே. 535 பேர் சேர்ந்து ஒன்றை நினைத்தார்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மசோதா தாக்கலானபோது, கமிட்டியிலிருந்து வெளியே வந்தபோது, சபை நிறைவேற்றியபோது, கடைசியில் ஜனாதிபதிக்குப் போனபோது என்று நான்கு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் வரியைப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் அது மாறியதோ, அந்தக் கட்டத்தின் காகிதங்களைப் படியுங்கள். மற்றதை விட்டுவிடலாம்.

கேள்வி: மேடம், 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் செனட் கமிட்டி அறிக்கையை எங்கே தேடியும் காணோம். அடுத்த வாரம் கட்டுரை கொடுக்க வேண்டும். (சட்ட மாணவி, நியூ ஜெர்சி)

பதில்: தேடுவதை நிறுத்துங்கள் அம்மா. அப்படி ஒன்று இல்லை. இதையே கட்டுரையில் எழுதலாம், பேராசிரியர் சந்தோஷப்படுவார்.

அந்தச் சட்டத்தின் மசோதாவான எச்.ஆர். 7152 செனட்டுக்கு வந்தபோது நீதித்துறைக் கமிட்டியின் தலைவர் மிசிசிப்பியின் ஈஸ்ட்லேண்ட். அங்கே அனுப்பினால் மசோதா திரும்பி வராது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் பெரும்பான்மைத் தலைவர் மேன்ஸ்ஃபீல்ட் கமிட்டிக்கு அனுப்பாமல் நேராக அவைப் பட்டியலில் வைக்க வழிசெய்தார். கமிட்டிக்குப் போகாததால் அறிக்கை இல்லை. அப்புறம் ஜூன் 10 அன்று 71-க்கு 29 வாக்குகளில் விவாதத்தை முடித்துவைத்து, 19-ஆம் தேதி திருத்திய மசோதாவை நிறைவேற்றினார்கள். பிரதிநிதிகள் சபை ஜூலை 2-இல் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. அன்றைக்கே ஜான்சன் கையெழுத்தும் போட்டுவிட்டார். கூட்டுக் கமிட்டியே கூடவில்லை என்பதால் அந்த அறிக்கையும் கிடையாது.

பிரதிநிதிகள் சபைக் கமிட்டியின் அறிக்கை, எண் 914, இருக்கிறது. ஆனால் அதில் ஒரு சிக்கல். வேலையில் பாலினப் பாகுபாடு கூடாது என்ற பகுதிக்கு விளக்கம் தேடி அதைப் புரட்டினால் ஒன்றும் இருக்காது. அறிக்கை வந்தது 1963 நவம்பர். 'பாலினம்' என்ற சொல்லை வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித் அவையில் எழுந்து சேர்த்தது 1964 பிப்ரவரி 8. அவரோ மசோதாவையே எதிர்த்தவர். திருத்தம் 168-க்கு 133 வாக்கில் தேறியது. அவர் எண்ணம் என்ன, மசோதாவைக் கவிழ்ப்பதா இல்லையா என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. உங்களுக்கு இருக்கும் ஒரே ஆதாரம், அவை நடவடிக்கைகளை அச்சிடும் காங்கிரஷனல் ரெக்கார்டின் அன்றைய இதழ். செனட் பக்கத்துக்கு, மசோதாவின் வேலைவாய்ப்புப் பகுதியை அவையில் நடத்திச் சென்ற கிளார்க், கேஸ் இருவரும் வைத்த விளக்கக் குறிப்பு இருக்கிறது: 110-ஆம் தொகுதி, 7212-ஆம் பக்கம். கமிட்டி அறிக்கை இல்லாத குறையை நீதிமன்றங்கள் பெரும்பாலும் இதை வைத்துத்தான் சமாளித்திருக்கின்றன.

கேள்வி: காங்கிரஷனல் ரெக்கார்டில் உள்ளதெல்லாம் அவையில் பேசியதுதானே? (சிகாகோ வாசகர்)

பதில்: இல்லை. ஹேல் பாக்ஸ் என்ற பிரதிநிதிகள் சபைப் பெரும்பான்மைத் தலைவர் போன விமானம் 1972 அக்டோபர் 16 அன்று அலாஸ்காவில் காணாமல் போனது. அக்டோபர் 18 தேதியிட்ட ரெக்கார்டில் அவர் பேச்சு அச்சாகியிருக்கிறது, 'அடுத்த சில நிமிடங்களில்' என்ற தோரணையில். உறுப்பினர்கள் பேச்சைத் திருத்தவும் நீட்டவும் உரிமை உண்டு. பேசாததையும் எழுதிக் கொடுக்கலாம். அப்படிச் செருகியதை அடையாளம் காட்ட 1978-இலிருந்து பெரிய கரும்புள்ளி போட்டார்கள். அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். 2005-இல் கைதிகளை நடத்தும் முறை பற்றிய சட்டத்தின்போது கிரஹாம், கைல் என்ற இரு செனட்டர்கள் நேரில் பேசிக்கொள்வதுபோலவே ஒரு நீண்ட உரையாடலை எழுதிச் சேர்த்தார்கள். பிறகு அதையே ஆதாரமாக உச்ச நீதிமன்றத்திலும் வைத்தார்கள். மறு ஆண்டு ஹம்தான் தீர்ப்பின் அடிக்குறிப்பில், இது விவாதம் முடிந்த பிறகு செருகப்பட்டதாகத் தெரிகிறது என்று நீதிமன்றம் குட்டு வைத்தது. அவைப் பேச்சை மேற்கோள் காட்டும் முன், அதே நாள் வேறு யாராவது அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். பதிலே இல்லாத நீண்ட பேச்சென்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

கேள்வி: கட்டுரையில் கொடுத்த பக்க எண்ணில் அந்தப் பேச்சு இல்லையே?

பதில்: ரெக்கார்டின் தினசரிப் பதிப்பும், பிறகு தொகுதியாகக் கட்டிய பதிப்பும் வேறுவேறு பக்க எண் கொண்டவை. எஸ் அல்லது எச் என்ற எழுத்தோடு தொடங்கினால் தினசரிப் பதிப்பு. தேதியை வைத்துத் தேடுங்கள், கிடைத்துவிடும்.

கேள்வி: இவ்வளவு தோண்டி எடுத்தாலும் நீதிபதிகள் மதிக்கிறார்களா? நீதிபதி ஸ்கேலியா இதையெல்லாம் ஒதுக்கியவர் என்கிறார்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியர், கலிபோர்னியா)

பதில்: ஆமாம், ஐயா. சட்டம் என்றால் நிறைவேறிய வாசகம், கமிட்டி அறிக்கை அல்ல என்பது அவர் கட்சி. அவர் கடைசிவரை குறைசொன்ன வழக்கு 1892-இன் ஹோலி டிரினிட்டி. வெளிநாட்டவரை 'எந்தவித உழைப்புக்கும் சேவைக்கும்' ஒப்பந்தம் போட்டு அழைத்துவரக் கூடாது என்றது 1885 சட்டம். நியூயார்க் தேவாலயம் ஒன்று இங்கிலாந்திலிருந்து ஒரு பாதிரியாரை ஒப்பந்தம் போட்டு அழைத்துவந்தது. வாசகப்படி பார்த்தால் குற்றம். நீதிமன்றமோ செனட் கமிட்டி அறிக்கையை எடுத்துப் படித்தது. 'உடலுழைப்பு' என்று மாற்றியிருக்கலாம், ஆனால் கூட்டத்தொடர் முடிவதற்குள் மசோதா நிறைவேறாமல் போய்விடும் என்று விட்டுவிட்டோம் என்று அதில் எழுதியிருந்தார்கள். தேவாலயம் ஜெயித்தது. அந்த வரியை ஸ்கேலியா கட்சிக்காரரிடம் காட்டினால், மாற்றாமல் விட்டார்கள் அல்லவா, அதுதான் சட்டம் என்பார். எதிர்க்கட்சி, ஏன் மாற்றவில்லை என்று அவர்களே எழுதிவிட்டார்களே என்பார். இன்றைய உச்ச நீதிமன்றம் பெரிதும் முதல் கட்சி. ஆனாலும் மனு எழுதும் வக்கீல்கள் எங்கள் மேஜைக்கு வருவது நிற்கவில்லை. எதிராளி தோண்டி எடுத்துவிடுவான் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு.

கேள்வி: ஒரு சட்டத்தின் இந்த வரலாற்றை யாராவது ஏற்கெனவே தொகுத்து வைத்திருக்க மாட்டார்களா?

பதில்: இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்! பெரிய சட்டங்களுக்கெல்லாம் தொகுப்பு உண்டு. ஹைன்ஆன்லைன், புரோக்வெஸ்ட் என்ற இரண்டு இணையத் தரவுத்தளங்களிலும் இருக்கிறது, வாஷிங்டன் டி.சி. சட்ட நூலகர் சங்கமும் இணையத்தில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அங்கே பார்த்துவிட்டு, இல்லையென்றால் மட்டும் மேலே சொன்னபடி கிளம்புங்கள். அச்சாகாத கமிட்டிக் காகிதங்கள்தான் வேண்டுமென்றால் தேசிய ஆவணக் காப்பகம். செனட் காகிதங்களைப் பொதுவாக 20 ஆண்டு கழித்துத்தான் திறப்பார்கள், பிரதிநிதிகள் சபையுடையதை 30 ஆண்டு கழித்து.