அரசுப் பள்ளி ஆசிரியர், ராஜினாமா ஏற்பு ஆணை கைக்கு வராமல் சட்டமன்றத் தேர்தலுக்கு வேட்புமனு தாக்கல் செய்யலாமா?

தாக்கல் செய்யலாம், ஆனால் வேட்புமனுப் பரிசீலனை நாளன்று உங்கள் ராஜினாமா ஏற்கப்பட்டிருக்காவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும். அரசுப் பள்ளி ஆசிரியர் பணி, அரசியலமைப்பின் 191ஆவது பிரிவு சொல்லும் ‘ஆதாயம் தரும் பதவி’ (அரசின் கீழ் அதை வகிப்பவர் சட்டமன்ற உறுப்பினராகத் தகுதியற்றவர்) என்பதால், தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்து முத்திரையுடன் ஒப்புகை பெற்றுவிட்டதால் மட்டும் நீங்கள் பதவியிலிருந்து விடுபட்டவராகிவிட மாட்டீர்கள். மனுத்தாக்கலின் கடைசி நாளுக்கு மறுநாளே பரிசீலனை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டு மாதமாகப் பதில் இல்லை என்கிறீர்கள். பெரும்பாலும் கோப்பு ஏதேனும் நிலுவையால் நின்றிருக்கும்: கட்டி முடிக்காத வைப்புநிதி முன்பணம், அல்லது முடிவுறாத 17(ஆ) குற்றச்சாட்டு (அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின்படி பெருந்தண்டனைக்குரிய துறை நடவடிக்கை). கடிதம் எங்கே இருக்கிறது என்று கேட்பதை விட, உங்களை நியமிக்கும் அதிகாரம் கொண்ட அலுவலரின் பிரிவுக்கே நேரில் சென்று, அங்கு அது பதிவான எண்ணையும் நாளையும் குறித்து வாருங்கள். பள்ளியின் அனுப்புகைப் பதிவேட்டோடு கடிதத்தின் பயணம் முடிந்துவிட்ட கதைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் யோசித்துவிட்டு அலையுங்கள். ராஜினாமா செய்தால் அதுவரையிலான பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போய்விடும். தோற்றாலும் வேலை திரும்பக் கிடைக்காது. இருபது ஆண்டுகள் தகுதியான பணி முடித்தவரானால், மூன்று மாத முன்னறிவிப்புடன் விருப்ப ஓய்வு பெறுவதே மேல். ஆனால் இந்தத் தேர்தலுக்குள் அந்தக் கெடு முடியுமா என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.