வகுப்பெடுத்தால் மார்க் கூடும், அப்புறம்?

கேள்வி: எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்கிறேன். வளரிளம் பருவத்தினரின் பாலியல், இனப்பெருக்க ஆரோக்கியம் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பாய்வு எழுத வேண்டும். 62 கட்டுரைகள் சேர்த்துவிட்டேன். பாதிக்கு மேல் 'வகுப்புக்குப் பிறகு விழிப்புணர்வு கூடியது' என்றே முடிகின்றன. இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பத்தி என்று சுருக்கம் எழுத ஆரம்பித்திருந்தால் அதை இப்போதே நிறுத்திவிடுங்கள். எக்செல்லில் மூன்றே கேள்விகளைப் போடுங்கள்: எதை அளந்தார்கள், யாரிடம், எவ்வளவு நாள் கழித்து?

நீங்கள் சொல்லும் ரகம் எனக்கும் பழக்கம்தான். 30 கேள்விகளோடு ஒரு ப்ரீ டெஸ்ட், ஃப்ளிப் சார்ட் வைத்து முக்கால் மணி நேர வகுப்பு, ஏழாம் நாள் அதே 30 கேள்விகள். மார்க் கூடாமல் இருந்தால்தான் அதிசயம். வகுப்பே எடுக்காத இன்னொரு பள்ளியில் அதே தாளை இரண்டு முறை கொடுத்திருந்தால் அங்கேயும் கொஞ்சம் கூடியிருக்கும், ஆனால் அப்படி ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

சரி, அறிவு கூடினால் உடல்நலம் மாறுமா? தான்சானியாவில் முவான்சா பகுதியில் நடந்த பெரிய ஆய்வைப் படியுங்கள், 2007-ல் முடிவுகள் வந்தன. பிள்ளைகளின் அறிவும் மனப்பான்மையும் நன்றாகவே மேம்பட்டன, ஆனால் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தபோது எச்.ஐ.வி., ஹெர்பிஸ் எதிலும் உறுதியான குறைவு தெரியவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2016 மதிப்பாய்வும் 8 ஆய்வுகளில் 55,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பார்த்துவிட்டு, வெறும் வகுப்பு மட்டும் போதும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. படிப்பை விடாமல் தொடர உதவி கொடுத்த இடங்களில்தான் இளவயதுக் கர்ப்பம் குறைந்திருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை தெரிந்தது. அந்த எட்டில் ஒன்றுகூட இந்தியாவில் நடந்ததில்லை. அதற்காக வகுப்பே வீண் என்று எழுதிவிடாதீர்கள், மாதவிடாய் என்றால் என்னவென்று தெரியாமல் பயந்து அழும் பிள்ளைக்கு அந்த முக்கால் மணி நேரம் பெரிய விஷயம்.

அடுத்தது, சொல்லின் பொருள். தேசியக் குடும்பநல ஆய்வில், மாதவிடாயின்போது 'சுகாதாரமான முறை' பயன்படுத்தும் 15-24 வயதுப் பெண்கள் நாடு முழுக்க 57.6 சதவீதத்திலிருந்து 2019-21-ல் 77.3 ஆனார்கள். இதை எல்லாரும் அப்படியே மேற்கோள் காட்டுகிறார்கள். நாப்கின், டாம்பான், கப் இதெல்லாம் அந்தக் கணக்கில் வரும், துணி வராது. சோப்புப் போட்டு அலசி மொட்டைமாடி வெயிலில் காயவைத்த துணியும் வராது. அதே சமயம் நாள் முழுக்க மாற்றாத ஒரே நாப்கின் வந்துவிடும்! அதோடு 15 வயதுக்குக் கீழே உள்ள பெண்களிடம் இந்த ஆய்வு கேட்பதே இல்லை, பெரும்பாலான பெண்கள் வயதுக்கு வருவதோ அதற்கு முன்னால். பீகார், உத்தரப் பிரதேசத்தில் வளரிளம் பருவத்தினரிடம் நடந்த உதயா ஆய்வு 10 வயதிலிருந்தே எடுத்தது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் கேட்டார்கள் என்பதில்தான் கவனமாக இருக்க வேண்டும். பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண், பின்னால் டீச்சர் நடந்துகொண்டிருக்கும்போது, 'உடலுறவு அனுபவம் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்றுதான் டிக் அடிப்பாள். போக்சோ சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவர் சம்மதித்திருந்தாலும் அவரோடு உடலுறவு கொள்வது குற்றம், அது தெரியவந்த யாரும் புகார் செய்தே ஆக வேண்டும். ஆய்வாளருக்கும் அது பொருந்தும் என்பதால் பலர் அந்தக் கேள்வியையே விட்டுவிடுகிறார்கள். கல்யாணமாகிப் படிப்பை விட்ட பெண்ணும், வேலைக்குப் போய்விட்ட பையனும் பள்ளியில் எடுத்த ஆய்வில் இருக்கவே மாட்டார்கள்.

பிரிஸ்மா படம் (எத்தனை கட்டுரைகள் கிடைத்தன, எத்தனையை எடுத்தோம் என்று காட்டுவது), இரண்டு பேர் தனித்தனியாகக் கட்டுரைகளைச் சலிப்பது இதெல்லாம் உங்கள் கைடே சொல்லிவிடுவார். நீங்கள் இன்று ராத்திரி உட்கார்ந்து, அந்த 62-ல் ஒப்பீட்டுக் குழு இல்லாதவை எத்தனை, ஒரு மாதம் தாண்டிப் பார்த்தவை எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள், உங்கள் முதல் பத்தி அங்கேயே கிடைக்கும்.