ஆற்றை நபராக்கினால் போதுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சட்டம் படிக்கிறேன். 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை பாதுகாப்பான குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. அதன் பிறகும் பழங்குடிகள் தங்கள் ஆறுகளை இழந்துகொண்டுதானே இருக்கிறார்கள்? நியூசிலாந்தைப் போல ஆற்றையே சட்டத்தின் முன் உரிமையுள்ள ஒரு நபராக அறிவித்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

மலர்விழி

அன்புள்ள மலர்விழி,

அந்தத் தீர்மானம் பேசுவது குடிநீரையும் கழிப்பிட வசதியையும்தான். நடைமுறையில் அதன் கணக்கு தலைக்கு இத்தனை லிட்டர் என்றே போகிறது. பழங்குடிகள் கேட்பது வேறு: எந்த ஓடை, அதில் யார் மாடு இறக்கலாம், எந்த மடுவை யாரும் தொடக்கூடாது. லாரித் தண்ணீர் வந்தால் முதல் கணக்கு நேராகிவிடும், ஓடை போனது போனதுதான்.

அந்த முதல் கணக்கும் பல இடங்களில் நேராவதில்லை. அதே 2010 ஆகஸ்டில் பராகுவேயின் ஷக்மோக் காசெக் என்ற பழங்குடிச் சமூகத்தின் வழக்கில் அமெரிக்கக் கண்ட நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு கொடுத்த தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 2.17 லிட்டரைத் தாண்டவில்லை. குறைந்தபட்சத் தேவை என்று நீதிமன்றம் வைத்த அளவு 7.5 லிட்டர். ஆனாலும் இந்தப் பற்றாக்குறையோடு தீர்ப்பு நிற்கவில்லை. 10,700 ஹெக்டேர் பூர்விக நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

இதைவிடக் கூர்மையானது, 2020 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் அர்ஜென்டினாவுக்கு எதிராக வழங்கிய லாக்கா ஹோன்ஹட் தீர்ப்பு. லாக்கா ஹோன்ஹட் என்பது வழக்குத் தொடுத்த பழங்குடிச் சமூகங்களின் சங்கம். சால்ட்டா மாகாணத்தில் குடியேறிகள் வேலி போட்டு மாடு வளர்த்தார்கள். பழங்குடிகள் குடிக்கும் நீர்நிலைகளில் அந்த மாடுகள் இறங்கிக் கலக்கின. வேலியோ வேட்டைக்கும் தண்ணீருக்கும் போகும் வழியை அடைத்தது. நீர், உணவு, சுற்றுச்சூழல், பண்பாட்டு அடையாளம் ஆகிய உரிமைகளை நீதிமன்றம் ஒன்றோடொன்று பிணைந்தவையாகப் பார்த்தது. ஆணையும் அதற்கேற்றபடி அமைந்தது: 4 லட்சம் ஹெக்டேருக்கு ஒரே கூட்டுப் பட்டா, வேலியையும் மாடுகளையும் அப்புறப்படுத்த 6 ஆண்டு கெடு. குழாய் போட்டுக் கொடுத்துக் கைகழுவ இதில் இடமில்லை. என் கணிப்பில் உங்கள் படிப்புக்கு இதுவே முதல் ஆவணம். அரசு என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பரிகாரப் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

இனி நீங்கள் கேட்ட நியூசிலாந்து ஆறான வாங்கனுயிக்கு வருவோம். 2017 சட்டம் அந்த ஆற்றை மலை முதல் கடல் வரை பிரிக்கமுடியாத உயிருள்ள முழுமை என்கிறது. அதன் சார்பில் பேச இருவர், ஒருவரை அரசும் ஒருவரை அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி குடிகளும் முன்மொழிவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 16ஆம் பிரிவைப் படியுங்கள்: தண்ணீர் மீது ஏற்கெனவே உள்ள உரிமைகளை இந்தச் சட்டம் கூட்டவும் குறைக்கவும் செய்யாது. ஆற்றின் தலைப்பகுதி நீரை மின்னுற்பத்திக்குத் திருப்பும் பழைய அனுமதி தொடர்கிறது. இனி எடுக்கும் முடிவுகளில் ஆற்றின் குரல் ஒலிக்கும், பழைய மதகு மூடாது.

இந்தியாவில் இதற்கு நெருக்கமான கருவி 2006 வன உரிமைச் சட்டம். அதன் 5ஆம் பிரிவு நீர்ப்பிடிப்புப் பகுதியையும் நீர் ஆதாரங்களையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. புனித மரம், குளம், ஆற்றோரம், இடுகாடு ஆகியவற்றை அச்சட்டத்தின் கீழான விதி 13 உரிமைக்குச் சான்றாக ஏற்கிறது. சறுக்குவது உரிமை கோரும் படிவத்தில். படிவம் ஏ தனியாளின் நிலத்துக்கு மட்டும்; பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். மீனுக்கும் நீர்நிலைக்கும் படிவம் பி, சமூக வன வளத்துக்கு, அதாவது ஊரே வழிவழியாகப் பயன்படுத்திவரும் காட்டுக்கு, 2012 திருத்தத்தில் வந்த படிவம் சி. இரண்டிலும் ஓடையைப் பெயரோடும் எல்லையோடும் எழுத வேண்டும்.