விற்ற விலையை விற்ற கையோடு எழுதுவது

கேள்வி: சுய ஒழுக்கம், நேர்மை, தன்னை மேம்படுத்திக்கொள்வது பற்றி வாழ்க்கை உங்களுக்குக் கற்றுத்தந்த பாடம் என்ன?

அன்றன்றைய கணக்கை அன்றே முடித்துவிட வேண்டும் என்பதுதான். பணக் கணக்கை மட்டும் சொல்லவில்லை. ஆனால் நான் இதைக் கற்றுக்கொண்டது பணத்தில்தான், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். பல வருடமாக இதே வேலை. பூ மார்க்கெட்டில் ஏமாற்று என்று சொன்னால் வெளியாட்களுக்குத் தராசுதான் நினைவுக்கு வரும். தராசில் ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. அதற்கு வருடா வருடம் முத்திரை வைக்க வேண்டும். எடை போடும்போது பூ கொண்டுவந்தவர் எதிரிலேயே நிற்பார், எண் அவர் கண்ணுக்கும் தெரியும். உண்மையான சோதனை விலையில் இருக்கிறது.

மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே, விடிவதற்கு முன்பிருந்தே பறித்துக்கொண்டு வருவார்கள். சாயங்காலம் மலர்ந்துவிடும் சரக்கு அது, தேக்கி வைக்க முடியாது. அதனால் ஒரே காலையில் விலை ஏறும், இறங்கும். முகூர்த்த நாளில் ஆறு மணிக்கு ஒரு விலை, எட்டு மணிக்கு வேறு விலை. மார்கழி, தைப் பனியில் வரத்து சுருங்கும்போது கிலோ ஆயிரங்களில் போகும். கோடையில் பூ கொட்டும்போது செண்ட் ஃபேக்டரிக்காரர் எடுத்துக்கொண்டால் போதும் என்றாகிவிடும். திருமங்கலம் பக்கமிருந்தோ உசிலம்பட்டி பக்கமிருந்தோ வரும் சம்சாரி, அதாவது பூ விவசாயி, பையை இறக்கி எடை பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார். அவருக்கு வயல்காட்டில் வேலை கிடக்கும். அவருடைய பூ எந்த நேரத்தில் என்ன விலைக்குப் போனது என்பது கடைக்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வாரக் கடைசியில் பட்டுவாடா செய்யும்போது நாங்கள் சொல்வதுதான் விலை.

எனக்கு இந்த வேலையைச் சொல்லித்தந்த பெரியவர் இப்போது இல்லை. ஆரம்பத்திலேயே அவர் சொன்னது: "தம்பி, வித்த வெலைய வித்த கையோட எழுதிரு. மத்தியானம் எழுதுனா ஞாபகத்துல இருந்து எழுதுவ. ராத்திரி எழுதுனா கடைக்குச் சாதகமா எழுதுவ. மறுநாள் எழுதுனா அடுத்தவன் காசு உன் காசு மாதிரியே தெரியும்."

இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நேர்மை கெடுவதற்குப் பேராசைதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் கண்ணெதிரே கெட்டுப்போன பையன்கள் யாரும் பேராசைக்காரர்கள் இல்லை. நல்ல பிள்ளைகள்தான். வசூல் பணத்தில் ஒரு செலவைச் செய்துவிட்டு, சனிக்கிழமை சம்பளத்தில் போட்டுவிடலாம் என்று நினைத்தவர்கள். அந்தச் சனிக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல் வரும், அடுத்த சனிக்கிழமை தங்கைக்குச் சீர் வரும். அதற்குள் தொகை வளர்ந்திருக்கும், அதை மறைக்க ஒரு பொய் தேவைப்படும். முதல் நாளே ஓனரிடம் "அண்ணாச்சி, இருநூறு எடுத்திருக்கேன்" என்று சொல்லியிருந்தால் அது கடனாக மட்டும் இருந்திருக்கும்.

மன உறுதி மன உறுதி என்று நிறையப் பேசுகிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, சத்தத்திலும் ஈரத்திலும் நாலைந்து மணி நேரம் நின்றவனிடம் உறுதி என்று என்ன மிச்சமிருக்கும்? அதனால் ஏற்பாட்டை நம்புகிறேன். பேனாவைத் தராசு மேசையிலேயே நூலில் கட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பைக்கும் எடை, நேரம், விலை மூன்றையும் சீட்டில் எழுதிய பிறகுதான் அடுத்த பையைத் தொடுவேன். இப்போது அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து, சம்சாரி ஊர் போய்ச் சேர்வதற்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். யாரும் பார்க்காதபோதும் ஒழுங்காக இருப்பதுதான் நேர்மை என்பார்கள். அது மகான்களுக்குச் சரி. என்னைப் போன்றவர்கள், பார்க்க ஓர் ஆள் இருக்கும்படி நாமே செய்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

தூக்கம், போன் இவற்றிலும் இதே கதைதான். எட்டரைக்குப் படுக்க வேண்டும் என்றால் எட்டு மணிக்கே போன் அடுப்படி அலமாரிக்குப் போய்விடும். அதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

அப்புறம் தன்னை மேம்படுத்திக்கொள்வது பற்றி. இதில் என் ஆசான் காந்திதான். மேலமாசி வீதியில் 1921 செப்டம்பர் 22 அன்று அவர் முழங்கால் அளவு வேட்டிக்கு மாறிய வீட்டில் இன்று கதர்க் கடை இருக்கிறது. இது மதுரையில் எல்லோரும் அறிந்த சேதி. ஆனால் அன்று அவர் வெளியிட்ட அறிக்கையில் ஆயுள் முழுக்க என்று ஒரு வார்த்தை கிடையாது. அக்டோபர் 31 வரையாவது தொப்பியும் மேல்சட்டையும் வேண்டாம் என்றுதான் சொன்னார். அதற்கு முன்பே இந்த எண்ணம் வந்து, செய்யாமல் தள்ளிப்போனதையும் அவரே எழுதியிருக்கிறார். மதுரைக்கு வந்தபோதுதான் முடிவெடுத்தார், அதுவும் ஒன்றேகால் மாதக் கெடு வைத்து. அந்தக் கெடு 1948 வரை நீண்டது. அவ்வளவு பெரிய மனிதரே "இனி எப்போதும்" என்று தொடங்கவில்லை என்பது எனக்கு எத்தனையோ முறை தைரியம் தந்திருக்கிறது.

கடையில் டேலி என்ற கம்ப்யூட்டர் கணக்கு மென்பொருளைப் போட வேண்டும் என்று ஓனர் சொன்னபோது எனக்கு நாற்பத்தைந்துக்கு மேல். பேரேட்டிலேயே வளர்ந்தவன் நான். கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்று உறுதிமொழி எதுவும் எடுக்கவில்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்க்கெட் கொஞ்சம் தளர்வாக இருக்கும். ஆடி முடியும்வரை மட்டும் தினமும் மத்தியானம் அரைமணி நேரம் உட்காருகிறேன் என்று வைத்துக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தது பக்கத்துக் கடைப் பையன், என் மகன் வயது. அவனை "சார்" என்றுதான் கூப்பிட்டேன், அவன் கூச்சப்பட்டாலும் விடவில்லை. கற்றுத்தருபவருக்கு மரியாதை தராமல் எதுவும் ஏறாது. ஆவணி பிறந்தபோது அன்றாட வரவு செலவு தடங்கலில்லாமல் வந்தது. அதற்குப் பிறகு புரட்டாசிவரை என்று நீட்டினேன், இன்னும் நீள்கிறது.

கடைசியாக ஒன்று. நேர்மையாக இருந்தால் வியாபாரம் பெருகும் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி ஓர் ஆசை காட்டி யாரையும் இதற்குள் இழுக்க எனக்கு விருப்பமில்லை. எங்களிடம் சீட்டு சரியாக வருகிறது என்று தெரிந்தும், அதிக முன்பணம் தந்த வேறு கடைக்குப் பூவை மாற்றிய சம்சாரிகள் உண்டு. வீட்டில் கல்யாணம், கிணற்றில் மோட்டார் பழுது, அவர்களுக்கு அன்றைக்கே பணம் வேண்டும். குறை சொல்ல முடியாது. அவர்கள் போகும் நாளிலும் பாக்கியை எண்ணிக் கொடுத்து, பழைய சீட்டுகளையும் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறோம். சிலர் திரும்பி வருகிறார்கள், சிலர் வருவதில்லை.