0.6 அங்குலக் குரூப் எங்கே போனது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

அமெரிக்காவில் கேம்ப் பெரியில் நடக்கும் துப்பாக்கிப் போட்டிகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். டெக்சாஸில் மென்பொருள் வேலை. இரண்டு வருடமாக இங்கே ஒரு கிளப்பில் சுடப் பழகுகிறேன். ஏஆர்-15 வகை செமி ஆட்டோ ரைஃபிள் (ஒன்று சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்), 20 அங்குலக் குழல். போட்டிக்கான மேட்ச் தோட்டாவைக் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. தோட்டா நிரப்பும் பிரஸ்ஸும் டையும் வாங்கி நானே நிரப்ப ஆரம்பித்தேன். 77 கிரெய்ன் (எடை அளவு) சியரா குண்டு, கையேட்டின் எல்லைக்குள் நான்கு பவுடர் அளவு, ஒவ்வொன்றிலும் மூன்று தோட்டா. 100 கஜத்தில் மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டேன். குரூப், அதாவது ஓட்டைகள் சிதறிய அகலம், 1.4, 0.6, 1.1, 1.3 அங்குலம். 0.6 வந்த சந்தோஷத்தில் அதே அளவில் 200 தோட்டா நிரப்பிவிட்டேன். அடுத்த வாரம் ஐந்து சுட்டால் 1.6! மறுபடி ஐந்து, 1.3. பவுடர் வெயிலில் கெட்டதா, குழல் தேய்ந்ததா, என் கைதான் சரியில்லையா? கிளப்பில் ஒரு பெரியவர், “செமி ஆட்டோவில் துல்லியத்தை எதிர்பார்க்காதே, போல்ட் ரைஃபிள் வாங்கு” என்கிறார். என்ன செய்யலாம்?

எம்.

அன்புள்ள எம்.,

பவுடர் கெடவில்லை, குழலும் தேயவில்லை. உங்கள் ரைஃபிள் முதல் வாரம் எப்படிச் சுட்டதோ அப்படியேதான் இரண்டாம் வாரமும் சுட்டிருக்கிறது. நீங்கள் அனுப்பிய ஆறு எண்களிலேயே அது தெரிகிறது.

குரூப் என்று நாம் அளப்பது, இருப்பதிலேயே தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம். மற்ற ஓட்டைகள் எங்கே இருந்தாலும் கணக்கில் வராது. அதனால் எத்தனை சுடுகிறோமோ அத்தனைக்குக் குரூப் வளரும். குண்டுகள் விழும் சிதறலைச் சாதாரணப் பரவலாக (மணி வடிவில், நடுவே அதிகமும் ஓரத்தில் குறைவும்) எடுத்துக்கொண்டால், மூன்று குண்டுக் குரூப்பின் சராசரி, ஒரு அச்சில் உள்ள திட்டவிலக்கத்தை (சிதறலை அளக்கும் எண்) போல 2.41 மடங்கு. ஐந்து குண்டுக்கு 3.07, பத்துக்கு 3.81. அதாவது அதே துப்பாக்கி, அதே தோட்டா, அதே கை. மூன்றுக்குப் பதில் ஐந்து சுட்டாலே குரூப் கால் பங்குக்கு மேல் பெரிதாகும், பத்து சுட்டால் ஒன்றரை மடங்கைத் தாண்டும்.

இப்போது உங்கள் நான்கு மூன்று-குண்டுக் குரூப்களின் சராசரியைப் பாருங்கள்: 1.1 அங்குலம். ஐந்து குண்டுக்கு மாற்றினால் 1.4. நீங்கள் சுட்டது 1.6, 1.3, சராசரி 1.45. இதைவிட ஒழுங்காக ஒரு ரைஃபிள் நடந்துகொள்ள முடியாது.

சரி, அந்த 0.6? மூன்று குண்டுக் குரூப் தன் சராசரியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்குமிங்கும் போவது சகஜம். நான்கு பவுடர் அளவுக்கும் துளி வித்தியாசம் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், 1.1 சராசரி உள்ள துப்பாக்கியில் நான்கு குரூப் சுட்டால் அவற்றில் சிறியது 0.7 பக்கம் வரும், பெரியது 1.5 பக்கம் வரும். உங்களுக்கு 0.6, 1.4. நாலு பேட்ஸ்மேனை ஆளுக்கு மூன்று பந்து ஆடவிட்டு, அதில் சிக்ஸர் அடித்தவனை டீமில் சேர்த்துவிட்டு, அடுத்த மேட்சில் ஏன் சொதப்பினான் என்று கேட்பது போலத்தான் இது.

பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் ஒன்று முதல் மூன்று வரை சுட்டு, ‘இங்கே குழல் அமைதியாக இருக்கிறது’ என்று ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் அமெரிக்காவில் பல தலைமுறையாக இருக்கிறது. ஏணி முறை என்பார்கள். அதில் தெரியும் மேடு பள்ளங்களில் பெரும்பகுதி தற்செயல்தான் என்பது என் கருத்து. அதே ஏணியை மறுபடி ஏறிப் பாருங்கள், மேடும் பள்ளமும் இடம் மாறியிருக்கும். அண்மை ஆண்டுகளில் ஹார்னடி போன்ற குண்டு தயாரிப்பு நிறுவனங்களின் ஆட்களே 20, 30 என்று சுடச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். குண்டு விற்கிறவர்கள் நிறையச் சுடச் சொல்வதில் ஆச்சரியம் என்ன என்று கிளப்பில் கேலி செய்வார்கள். ஆனால் கணக்கு அவர்கள் பக்கம்தான் இருக்கிறது.

30 குண்டு சுட்டால்கூட உங்கள் சிதறலை ஏறக்குறைய 18 சதவீதம் முன்னேபின்னே என்ற அளவில்தான் அறியலாம். இரண்டு பவுடர் அளவுக்கு நடுவே 10 சதவீத வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்டால், ஒவ்வொன்றிலும் நூறு சுட்டாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அவ்வளவு சுட்டும் தெரியாத வித்தியாசம் போட்டியில் உங்கள் ஸ்கோரை மாற்றாது. குண்டை மாற்றினால் தெரியும். நல்ல குழலை மாட்டினால் தெரியும். பவுடரில் 0.2 கிரெய்ன் கூட்டிக் குறைத்தால் பெரும்பாலும் தெரியாது.

வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபிலும் இதே கதைதான். பத்து தோட்டா சுட்டு, வேகத்தின் திட்டவிலக்கம் விநாடிக்கு 10 அடி என்று பெட்டி காட்டினால், உண்மை 7 முதல் 18 வரை எங்கும் இருக்கலாம். ஐந்து சுட்டுவிட்டு “சிங்கிள் டிஜிட் வந்துவிட்டது” என்று படம் போடுகிறவர்களை நம்பி எதையும் வாங்காதீர்கள்.

அளக்கும் முறையையும் மாற்றுங்கள். எல்லா ஓட்டைகளின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து சராசரி எடுங்கள். அமெரிக்க ராணுவத்தின் மேட்ச் தோட்டாக்களை வெகுகாலம் இந்தச் சராசரி ஆரத்தை வைத்துத்தான் ஏற்றுக்கொண்டார்கள். இதில் சுட்ட ஒவ்வொரு குண்டும் கணக்கில் வருகிறது, வீணாவது எதுவும் இல்லை. இலக்குத் தாளைப் படம் எடுத்தால் கணக்குப் போட்டுக் கொடுக்கும் செயலிகள் இருக்கின்றன.

இனி, செமி ஆட்டோ. உங்கள் கிளப் பெரியவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. போல்ட் ரைஃபிளில் தோட்டாவை நாம் கையால் மெதுவாக உள்ளே தள்ளுகிறோம். செமி ஆட்டோவில் போல்ட் (தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் உலோகத் துண்டு) மேகசினிலிருந்து தோட்டாவை உருவி, சரிவில் மோதி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் அறைகிறது. இப்படி அறையும்போது குண்டு, தோட்டாவின் கூடான கேஸின் கழுத்துக்குள் பின்னுக்கோ முன்னுக்கோ நகரலாம். வீட்டு மேஜையில் ஆயிரத்தில் ஒரு அங்குலம் பார்த்துப் பார்த்து உட்காரவைத்த குண்டு, சுடும்போது அதே இடத்தில் இருக்கிறதா? ரேஞ்சில் ஒரு தோட்டாவின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். போல்ட்டை முழு வேகத்தில் மூடவிட்டு, சுடாமல் வெளியே எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். குழல் இலக்கைப் பார்த்தபடி இருக்கவேண்டும், விரல் ட்ரிக்கர் பக்கம் போகக்கூடாது. நீளம் மாறியிருந்தால் கழுத்துப் பிடிமானம் போதவில்லை. பவுடர் அளவோடு மல்லுக்கட்டுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். பின்னுக்குப் போகும் குண்டு அழுத்தத்தையும் ஏற்றும், துல்லியம் மட்டும் அல்ல விஷயம்.

முதல் குண்டு தனியாகப் போய் விழும் வழக்கமும் செமி ஆட்டோக்களில் உண்டு. முதல் தோட்டாவை நாம் ஏற்றுகிறோம், மற்றவற்றைத் துப்பாக்கியே ஏற்றுகிறது. போல்ட் பூட்டிக்கொள்ளும் விதம் கொஞ்சம் வேறுபடுகிறது. அதனால் போல்ட்டை இழுக்கும் சார்ஜிங் ஹாண்டிலைக் கையில் பிடித்தபடி நைசாக மூடாதீர்கள். போல்ட்டைப் பின்னால் நிறுத்தி, விடுவிக்கும் பொத்தானைத் தட்டுங்கள். ஒவ்வொரு தொடரின் முதல் ஓட்டையையும் தாளில் குறித்துவையுங்கள். அவை எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால்தான் அது உண்மையான கோளாறு. இஷ்டத்துக்கு விழுந்தால் அதுவும் சாதாரணச் சிதறலே.

மேகசின் நீளம் இன்னொரு கட்டுப்பாடு. ஏஆர்-15 மேகசினுக்குள் 2.26 அங்குலத்துக்கு மேல் நீண்ட தோட்டா அடங்காது. போட்டிக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: 200, 300 கஜத்தில் வேகமாகச் சுடும் சுற்றுகளுக்கு 69 அல்லது 77 கிரெய்ன் மேகசினிலிருந்து, 600 கஜத்தில் நிதானமாகச் சுடும்போது 80 கிரெய்ன் குண்டை நீட்டி உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடுவது. நீங்கள் எப்படிச் சுடப்போகிறீர்களோ அப்படியே சோதியுங்கள். மேகசினிலிருந்து சுடவேண்டிய தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தால் அந்த முடிவு உங்களுக்கு உதவாது.

நிரப்பும் வேலையில் செமி ஆட்டோவுக்கென்று சில கண்டிப்புகள் உண்டு. கேஸை முழு நீளத்துக்கும் திரும்ப அளவுக்குக் கொண்டுவர வேண்டும். போல்ட் ரைஃபிள்காரர்கள் கழுத்தை மட்டும் சரிசெய்வது இங்கே நடக்காது. ஏஆர்-15, பழைய ராணுவ ரைஃபிள்களான எம்14, எம்1 கரண்ட் (Garand) எல்லாவற்றிலும் ஃபயரிங் பின் தளர்வாக இருக்கும்; போல்ட் மூடும்போது, பவுடரைப் பற்றவைக்கும் பிரைமரை அது லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். பிரைமர் மென்மையாகவோ, கேஸ் அடியைவிடத் துருத்திக்கொண்டோ இருந்தால் ட்ரிக்கரைத் தொடாமலே வெடிக்கலாம். சிசிஐ 41 போன்ற கடினமான பிரைமர் விற்பது இதற்காகத்தான். கரண்டில் இன்னொரு சிக்கல். 1936ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட அந்த ரைஃபிளில் வாயு எடுக்கும் துளை குழலின் முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மெதுவாக எரியும் பவுடரைப் போட்டால் அங்கே அழுத்தம் ஏறி, போல்ட்டை இயக்கும் நீளமான ஆபரேட்டிங் ராட் வளைந்துவிடும். போல்ட் ரைஃபிளில் அழகாகச் சுட்ட .30-06 தோட்டாவைக் கரண்டில் போட்டு ராடை வளைத்துக்கொண்டவர்கள் உண்டு. செமி ஆட்டோவுக்கான கையேட்டுப் பக்கத்தை மட்டும் பாருங்கள். (இந்தியாவில் இருந்து படிக்கும் நண்பர்களுக்கு: உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். இந்தப் பேச்சு அமெரிக்கா பற்றியது.)

பெரியவர் சொன்னதில் நியாயம் இல்லாத பாதி: கேம்ப் பெரியில் சர்வீஸ் ரைஃபிள் (ராணுவ மாதிரி ரைஃபிள்) பிரிவு முழுக்க செமி ஆட்டோக்கள்தான், அவற்றிலும் பெரும்பாலானவை ஏஆர் வகை. 600 கஜ இலக்கில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 12 அங்குலம், அதாவது 100 கஜத்தில் 2 அங்குலத்துக்குச் சமம். உங்கள் இப்போதைய தோட்டா பத்து குண்டுக்கு 1.75 அங்குலம் வரும் என்று கணக்குச் சொல்கிறது. காற்றில்லாத நாளில் அது பத்துக்குள் அடங்கும். ஆனால் கேம்ப் பெரி ஈரி ஏரிக் கரையில் இருக்கிறது, அங்கே காற்றில்லாத நாளைத் தேடத்தான் வேண்டும். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 600 கஜத்தில் உங்கள் 77 கிரெய்ன் குண்டை ஏறக்குறைய ஒரு கஜம் தள்ளும். இரண்டு மைல் தப்பாகக் கணித்தால் வளையத்துக்கு வெளியே போய்விடுவீர்கள். எந்தப் பவுடர் அளவும் அதிலிருந்து உங்களைக் காப்பாற்றாது.

ஒன்றை மட்டும் தோட்டாவைக் குறை சொல்வதற்கு முன் பாருங்கள்: குழலைச் சுற்றியுள்ள கைப்பிடி உறை குழலைத் தொடுகிறதா? தொட்டால், ஸ்லிங்கை (துப்பாக்கி வார்) இறுக்கும்போது குண்டு விழும் இடமே நகரும். சர்வீஸ் ரைஃபிள் விதிகள் உறைக்குள் ஒளிந்து, உறை குழலைத் தொடாமல் காக்கும் ஃப்ளோட் ட்யூபை அனுமதிக்கின்றன. பணம் செலவழிப்பதென்றால் முதலில் அதற்குச் செலவழியுங்கள்.

அந்த 200ல் 190 மீதி இருக்குமே. அதில் 30 எடுத்து, பத்துப் பத்தாக, நடுவில் குழலை ஆறவிட்டு, ஸ்கோப்பைத் திருகாமல் சுடுங்கள். ‘இது என் தப்பு’ என்று எந்த ஓட்டையையும் கழிக்கக்கூடாது. மூன்று தாள்களையும் குறிபார்த்த புள்ளியை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி ஆரம் கணக்கிடுங்கள். 0.57 அங்குலம் பக்கத்தில் வரும் என்று நினைக்கிறேன். வந்தால் பவுடர் அளவைத் தொடாதீர்கள். மீதி 160ஐ 200 கஜத்தில் ஸ்லிங் மாட்டி, மேஜை இல்லாமல் சுட்டுத் தீருங்கள். 0.8க்கு மேல் போனால் தாள்களின் படத்தை அனுப்புங்கள், பார்க்கலாம்.