எத்தனை வகைத் தையல் என்று கேட்காதீர்கள், எத்தனை வோல்ட் என்று கேளுங்கள்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் ஃபிளட் ஒன்றில் இருக்கிறோம். பன்னிரண்டு வருடமாக மாமியின் கால் மெஷினில் சாரி பிளவுஸ், பிள்ளைகளின் ஃபிரொக், அயலவர்களுக்குப் பஞ்சாபி என்று தைத்து வருகிறேன். டொரொன்டோவில் இருக்கும் தங்கச்சிக்கு மார்கழியில் பிள்ளை பிறக்கப்போகிறது. சேர்த்து வைத்த வெட்டுத்துணிகளை ஒட்டி ஒரு குவில்ட், அதாவது பஞ்சு வைத்த போர்வை, தைத்து அனுப்ப ஆசை. கால் மெஷினிலோ பஞ்சு வைத்த துணி நகரவே மறுக்கிறது. கடையில் 200 வகைத் தையல் போடும் கம்ப்யூட்டர் மெஷினைத் தவணைக்குத் தருகிறார்கள். தெரிந்தவர் மூலம் வந்த தரகர் ஒருவர், ஜப்பானில் இருந்து இறங்கிய 'ரீகண்டிஷன்' மெஷின் பாதி விலைக்கு இருக்கிறது என்கிறார். மூடப்பட்ட கார்மென்ட் தொழிற்சாலை ஒன்றின் ஜூகி மெஷினை என் கணவர் பார்த்து வைத்திருக்கிறார். சட்டையும் தைக்க வேண்டும், குவில்டும் தைக்க வேண்டும். மூன்றில் எதை வாங்குவது?

பதில்: சகோதரி, முதலில் காசு செலவில்லாத ஒரு வேலை செய்து பாருங்கள். கால் மெஷினின் தலையில், ஊசித் தண்டுக்குப் பக்கத்தில், மேலே ஒரு திருகு நிற்கும். துணியை அமர்த்தும் பாதத்துக்கு அழுத்தம் கொடுப்பது அதுதான். உங்கள் மாமி இறுக்கி வைத்ததை இன்றுவரை ஒருவரும் தொட்டிருக்கமாட்டார்கள். நான்கைந்து சுற்றுத் தளர்த்திவிட்டுப் பஞ்சுத் துணியைத் தையுங்கள். பாதி நோய் அதிலேயே போய்விடும். மெஷின் திருத்துவதை முப்பது வருடமாகத் தொழிலாகச் செய்கிறேன். 'புதுசு வாங்கப்போகிறேன்' என்று வந்தவர்கள் எத்தனையோ பேரை அந்தத் திருகைத் தளர்த்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். என் பிழைப்புக்கு அது நல்லதில்லைத்தான்.

மீதிப் பாதி நோய் எதனால் வருகிறது என்று விளங்கினால் எந்த மெஷின் என்பதும் தானாக விளங்கும். குவில்ட் என்பது மூன்று அடுக்கு: மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மெஷினில் துணியைத் தள்ளும் பற்கள் கீழே மட்டும்தான் இருக்கின்றன. அவை அடித்துணியை இழுத்துப் போகின்றன. மேல்துணி பாதத்தில் உரசிப் பின்தங்குகிறது. சாரி பிளவுஸில் இரண்டு மெல்லிய துணி ஒன்றோடொன்று ஒட்டிப் போவதால் இது தெரிவதில்லை. பஞ்சு நடுவில் வந்ததும் தெரிந்துவிடும். இதற்கு 'வோக்கிங் ஃபூட்' என்று ஒரு பாதம் இருக்கிறது. அதன் அடியிலும் பற்கள் இருப்பதால் மேல்துணியும் கூடவே நகரும். அதன் பக்கத்தில் கவைக்கம்பு மாதிரி ஒரு கை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கவை ஊசியைப் பிடிக்கும் திருகின்மேல் ஏறி உட்கார வேண்டும். ஊசி ஏறி இறங்கும்போது அந்தக் கையும் ஏறி இறங்கி மேற்பற்களை நடக்க வைக்கிறது. கவையை வெளியே விட்டுப் பூட்டிவிட்டு 'இந்தப் பாதம் வேலை செய்யவில்லை' என்று திருப்பிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது இருநூறு தையல் கிடையாது. நேர்த்தையல், சிக்ஸாக், ஒரே தடவையில் போடும் பொத்தான் துளை, ஸ்ட்ரெச் துணிக்கு ஒரு தையல். இவ்வளவும் இருந்தால் வாழ்நாள் முழுக்கச் சட்டை தைக்கலாம். தாரா, பூ, மாம்பிஞ்சு வரிசைகளை வாங்கின வாரம் ஒருமுறை போட்டுப் பார்ப்பீர்கள், பிறகு பட்டன் இருப்பதே மறந்துபோகும். கம்ப்யூட்டர் மெஷினில் உண்மையாகவே உதவுகிற ஒரு வசதி, நிறுத்தும்போது ஊசி துணிக்குள்ளேயே நிற்பது. குவில்டில் மூலை திரும்ப அது நல்லது. கையால் சில்லைக் கால் சுற்றுச் சுற்றினாலும் அதே பலன்தான். மற்றபடி அதற்குள் இருப்பது ஒரு மின்சுற்றுப் போர்ட். அது போனால் புதுப் போர்டுக்கு ஓடர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் போன நாட்களில், மாமியின் கால் மெஷின் மாதிரியானவை மட்டும்தான் இந்த ஊரில் ஓடிக்கொண்டிருந்தன. அதை விற்றுவிடாதீர்கள். ஒட்டுத்துணி இணைக்க அதைவிட நேரான தையல் எதிலும் வராது.

கடையில் தைத்துக் காட்டுவார்களே, அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கஞ்சி போட்ட மாதிரி விறைப்பான பருத்தி, இரண்டாக மடித்தது. அதில் எந்த மெஷினும் முத்து முத்தாகத் தைக்கும். நீங்கள் உங்கள் துணியோடு போங்கள். ஒரு சாண் பஞ்சு அடுக்கு, ஒரு துண்டு வொயில் அல்லது சிஃபொன், கிழிந்த டெனிமின் கால் மடிப்பு. இவற்றோடு, சரியாக ஓரடி நீளத்தில் வெட்டிய இரண்டு பருத்தி நாடாக்கள். நாடா இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, கையால் இழுக்காமல் தள்ளாமல் கடைசிவரை தைக்கச் சொல்லுங்கள். முடிவில் மேல்நாடா கால் அங்குலம் நீண்டு நின்றால் அந்த மெஷின் துணியைச் சமமாகத் தள்ளவில்லை. பாத அழுத்தத்தைக் குறைக்கத் திருகு அல்லது டயல் இருக்கிறதா என்று கேளுங்கள். சின்ன மெஷின்கள் பலவற்றில் இருக்காது. டெனிம் மடிப்பை மெதுவாகத் தைக்கச் சொல்லுங்கள். வேகத்தில் எல்லா ஊசியும் ஏறும். மெதுவாகப் போகும்போது மோட்டர் முனகினால் குவில்டின் தடித்த மூட்டுகளிலும் அப்படித்தான் முனகும்.

இனித் தரகர். இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நமக்கு 230. அங்கு பாவித்த மெஷின்கள் இங்கே வந்து இறங்குகின்றன, பார்க்கவும் வடிவாக இருக்கின்றன. தட்டையான இரண்டு பின் உள்ள பிளக்கை வெட்டிவிட்டு நம் ஊர்ப் பிளக்கைப் பூட்டிவிடுகிறார்கள். வெட்டாதவர்கள் ஓர் அடப்டரைச் செருகிக் கொடுக்கிறார்கள். அடப்டர் பின்னின் உருவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டைக் குறைக்காது. போன மழைக்காலம் ஓர் அம்மா ஓட்டோவில் ஒரு மெஷினைச் சேலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். வாங்கி இரண்டு மணித்தியாலமும் ஆகவில்லையாம். மூடியைக் கழற்றினேன். போர்டின் நடுவில் ஐந்து ரூபாக் குற்றியளவு கரி. மெஷினின் வலப்பக்கத்தில், வயர் செருகும் இடத்துக்குக் கீழே, '100 வோல்ட்' என்று அச்சடித்த தகடு அப்படியே இருந்தது. தரகரின் ஃபோன் எடுபடவில்லை. பில் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம் என்று சொன்னேன். 'யார்மேல் முறையிட?' என்று கேட்டார். நுகர்வோரைக் காக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பில்லே எழுதாமல் விற்றவனை அந்த அம்மா எந்தத் தெருவில் போய்த் தேடுவார்?

டிரான்ஸ்போமர் போடலாமே என்று தரகர் சொல்வார். வேண்டாம். நீங்கள் கவனமாகத்தான் இருப்பீர்கள். ஒருநாள் வீட்டில் யாராவது அதைக் கழற்றிவிட்டு வயரை நேரே சுவரில் செருகுவார்கள். அன்றைக்குக் கதை முடிந்தது.

ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. பழைய ஜப்பானிய இரும்புத் தலை மெஷின்கள், சிக்ஸாக் போடுபவை. அவற்றில் மோட்டர் உடம்புக்குள் இருக்காது. பின்னால், தூணுக்கு வெளியே, ஒரு பிடியில் தொங்கும். அங்கிருந்து சில்லுக்கு ஒரு றப்பர் பெல்ட் போகும். இதில் 100 வோல்ட் மோட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு 230 வோல்ட் மோட்டர் செட் பூட்டலாம். ஆனால் முழுச் செட்டையும் மாற்ற வேண்டும். மோட்டரை மாற்றிவிட்டுப் பழைய கால் பெடலை விட்டுவிடுகிறார்கள், அது சூடாகி உருகும். பெடலையும் மாற்றினாலும் பல்பை மறந்துவிடுகிறார்கள், அதுவும் 100 வோல்ட் பல்ப்தான், சுவிட்சைப் போட்டதும் வெடிக்கும். புது மோட்டரின் பிடி தலையில் இருக்கும் துளைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பெல்ட் மோட்டரிலிருந்து சில்லுக்கு ஒரே கோட்டில் போக வேண்டும், சாய்ந்து போனால் ஓரம் தின்னும். மிக இறுக்கமாகவும் கூடாது, நடுவில் விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமிழ வேண்டும். சில்லின் மேற்பகுதி உங்களை நோக்கிச் சுற்ற வேண்டும். மறுபக்கம் சுற்றினால் நூல் சிக்கும், எதிர்ப்பக்கம் சுற்றும் மோட்டரை வாங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். இவ்வளவும் பூட்டி, உங்கள் கண்முன்னால் கால் மணித்தியாலம் ஓட்டிக் காட்டினால் வாங்குங்கள். அப்படிப்பட்ட தலை உங்கள் ஆயுளுக்கும் போதும். தரகர் காட்டியதில் மோட்டர் வெளியே தெரியவில்லையா? மேற்கொண்டு கதைக்க ஒன்றுமில்லை.

கணவரின் ஜூகிக்கு வருகிறேன். மெஷின் தங்கம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கார்மென்டுகளில் பெரும்பாலும் ஓடும் டிடிஎல்-8700 நேர்த்தையல் மட்டும் போடும். சிக்ஸாக் இல்லை, பொத்தான் துளை இல்லை. அது மெல்லிய, நடுத்தரத் துணிக்குச் செய்தது. தடித்த துணிக்கானதில் பெயரின் கடைசியில் 'ஹெச்' என்ற எழுத்து நிற்கும். கார்மென்டிலிருந்து வரும் மோட்டர் பல சமயம் மூன்று ஃபேஸ், ஒரு ஃபேஸ் உள்ள ஃபிளட்டில் அசையாது. ஒரு ஃபேஸ் சர்வோ மோட்டர் மாற்றினால் சத்தமும் குறையும், வேகத்தையும் அடக்கலாம். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். நாலடி நீள மேசை உங்கள் லிஃப்டுக்குள் போகுமா என்றும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சட்டையும் குவில்டும் ஒரே மெஷினில் என்றால் இது உங்களுக்கு இல்லை.

அப்படியானால் எது? புதிதாக வரும் சாதாரண வீட்டு மெஷின், டயல் திருப்பித் தையல் மாற்றுவது. உள்ளே உலோகச் சட்டம் இருக்க வேண்டும். துணி தள்ளும் பற்களைக் கீழே இறக்க ஒரு நெம்பு இருக்க வேண்டும், பிறகு வளைவு வளைவாகச் சுதந்திரமாகக் குவில்ட் தைக்க அது வேண்டும். அதற்குப் பாதம் வேறு, டார்னிங் ஃபூட் என்பார்கள். வோக்கிங் ஃபூட் பெரும்பாலும் பெட்டியோடு வராது. அதையும் தனியே வாங்கி, கடையிலேயே பூட்டித் தைத்துப் பாருங்கள். சாரி பிளவுஸின் கழுத்து, கை தைக்க வசதியாக, முன்பலகையைக் கழற்றினால் துணியைச் சுற்றிப் போட ஒடுங்கிய பகுதி மட்டும் மிஞ்சுகிறதா என்றும் பாருங்கள். தகட்டில் 220-240 வோல்ட் என்று இருக்க வேண்டும். கொம்பனி எதுவானாலும் எனக்கு ஒன்றுதான். புறக்கோட்டையில் அதன் கீழ்நூல் சுற்றும் பொபினும் ஊசியும் கேட்டவுடனே கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தவணை உங்கள் விருப்பம். மெஷினைத் தவணைக்கு விற்பது புதிய வித்தை இல்லை, சிங்கர் கொம்பனி 1850களில் அமெரிக்காவில் தொடங்கியது, அந்தக் கொம்பனி நம் நாட்டுக்கும் 1877இல் வந்துவிட்டது. மாதக் காசைப் பார்க்காமல் மாதங்களால் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகையைச் சொல்லச் சொன்னால் கடைப் பிள்ளைகள் கால்குலேட்டரைத் தேடத் தொடங்குவார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சுயதொழிலுக்கென்று மேடை போட்டு, மாலை போட்டு, ஃபோட்டோ பிடித்து மெஷின் கொடுக்கிறார்களே, அதில் ஒரு பக்கெட் ஊசியும் ஒரு சின்னப் போத்தல் எண்ணெயும் சேர்த்துக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. ஆறு மாதத்தில் அவை என் கடை வாசலுக்கு வருகின்றன.

நீங்கள் கடலோரம். உப்புக்காற்று ஊசித் தண்டையும் பொபின் சுற்றும் வளையத்தையும் தின்னும். தைத்து முடிந்ததும் ஊசியைத் தூக்கி, பாதத்தடியில் ஒரு துணித்துண்டை வைத்து மூடுங்கள். எண்ணெய் என்றால் மெஷின் எண்ணெய்தான். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது காய்ந்து பிசினாகி மெஷினைப் பூட்டிவிடும். இதைச் சுரண்டி எடுத்தே என் நகம் தேய்ந்தது.

மார்கழிக்குள் அனுப்ப வேண்டிய குவில்டுக்கு, 36 அங்குலம் அகலம், 45 அங்குலம் நீளம் போதும். வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையே ஆறு ஏழு அங்குலம்தான் இடம். இந்த அளவை இரண்டு பக்கமும் சுருட்டினால் அதற்குள் அடங்கும். மூன்று அடுக்கையும் வளைந்த ஊக்குகளால் நாலு விரலுக்கு ஒன்றாகக் குத்தி, நடுவிலிருந்து வெளியே தைத்து வாருங்கள். ஊசி 14ஆம் நம்பர், நூல் பருத்தி, தையல் நீளம் மூன்று மில்லிமீற்றர். கட்டில் அளவுக்குப் பெரிதாகத் தைக்க நினைத்தால் முழுவதையும் ஒரேயடியாகத் திணிக்காமல், மூன்று பட்டைகளாகத் தனித்தனியே குவில்ட் செய்து கடைசியில் இணையுங்கள்.