நடந்தே போய்வரும்படி ஒரு புறநகர்: எதைப் பார்த்து வீடு எடுப்பது?

கேள்வி: வாரத்தில் மூன்று நாள் நகரத்துக்கு வேலைக்குப் போகிறேன். மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆறு வயது மகளும், மூட்டுவலி உள்ள அம்மாவும் உடன் இருக்கிறார்கள். ஒரு கார் போதும், அதையும் எப்போதாவதுதான் எடுக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். நகரத்தை ஒட்டிய மூன்று புறநகர்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். மூன்றிலுமே 'எல்லாம் நடக்கிற தூரத்தில்' என்று சொல்லித்தான் வீடு விற்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: முதலில் ஊரை விடுங்கள், தெருவைப் பாருங்கள். ஒரே புறநகரில் ரயில் நிலையத்தை ஒட்டிய நாலைந்து தெருக்கள் நடப்பதற்கு அருமையாக இருக்கும். புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒரு பாக்கெட் பால் வாங்கவும் வண்டி எடுப்பார்கள். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே ஊர்ப் பெயர்தான். 'எந்தப் புறநகர் நல்லது' என்று கேட்டுக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. குறிப்பிட்ட ஒரு வாசலில் இருந்து உங்கள் அன்றாட வேலைகளுக்கு எவ்வளவு நடக்க வேண்டும் என்று கேளுங்கள்.

அந்த நடையை யாருடைய காலால் அளப்பது? உங்கள் அம்மாவின் காலால். நல்ல உடல்நிலையில் உள்ளவர் நிமிடத்துக்குச் சுமார் 80 மீட்டர் நடப்பார். '10 நிமிட நடை' என்றால் 800 மீட்டர் என்று திட்டமிடுபவர்கள் கணக்குப் போடுவது இதை வைத்துத்தான். மூட்டுவலி உள்ளவர் நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தாலே பெரிது. அவருக்கு அதே 800 மீட்டர் கிட்டத்தட்ட 17 நிமிடம். நடுவில் உட்கார ஓர் இடம் இல்லையென்றால் அவர் கிளம்பவே மாட்டார். ஆகவே அம்மா அடிக்கடி போகும் இரண்டு மூன்று இடங்கள், அதாவது மருந்துக்கடை, மருத்துவர், பூங்கா, 400 மீட்டருக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் ரயில் நிலையம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் நீங்கள் சமாளித்துவிடுவீர்கள்.

தூரத்தை வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளக்காதீர்கள். நான் நகரமைப்பையே தொழிலாகக் கொண்டவன். நானே இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். நிலையத்திலிருந்து 600 மீட்டர் என்று நம்பி வாடகைக்குப் போன வீட்டுக்கும் நிலையத்துக்கும் நடுவே தண்டவாளம். அதைக் கடக்க வழி இருந்தது அடுத்த பாலத்தில்தான். தினமும் நடந்தது ஒன்றே முக்கால் கிலோமீட்டர். தண்டவாளம், கால்வாய், மதில் சுவர், சுற்றிவிட்டு அங்கேயே முடியும் முட்டுச்சந்து, இவையெல்லாம் பக்கத்தில் இருப்பதைத் தூரமாக்கிவிடும். நேர்கோட்டுத் தூரத்தைவிட நடைத்தூரம் ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் அந்த வீட்டைப் பற்றி நான் தயங்குவேன்.

தெருக்கள் எவ்வளவு நெருக்கமாக ஒன்றையொன்று வெட்டுகின்றன என்பதும் இதோடு சேர்ந்தது. அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகர மையத்தில் ஒரு தெருவைக் கடந்தபின் சுமார் 60 மீட்டரில் அடுத்த சந்திப்பு வரும். சால்ட் லேக் சிட்டியின் பழைய பகுதியில் அது 200 மீட்டர். முன்னதில் நினைத்த இடத்தில் திரும்பலாம். பின்னதில் எதிர்ப்பக்கம் இருக்கும் கடைக்கே நீளமாகச் சுற்ற வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் கவலைப்படுவது பெரிய சாலையைக் கடப்பது பற்றித்தான். பாதசாரி சிக்னலின் நேரத்தைப் பல நாடுகளில் நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துக் கணக்கிட்டு வந்திருக்கிறார்கள். 20 மீட்டர் அகலச் சாலைக்கு அது 17 நொடி. உங்கள் அம்மாவுக்கு 25 நொடி ஆகும். மீதி எட்டு நொடி அவர் வண்டிகளுக்கு முன்னால் நிற்பார். நடுவில் நின்று மூச்சுவாங்க ஒரு திட்டு இருந்தால் அந்தச் சாலையே வேறு மாதிரி ஆகிவிடும். வண்டிகளின் வேகத்தையும் கவனியுங்கள். அமெரிக்க விபத்துத் தரவுகளை வைத்து 2011-இல் வந்த ஓர் ஆய்வின்படி, வண்டி மோதிய பாதசாரி இறக்கும் வாய்ப்பு மணிக்கு 37 கி.மீ. வேகத்தில் சுமார் 10 சதவீதம், 51 கி.மீ.யில் 25, 68 கி.மீ.யில் 50. மகள் தினமும் கடக்கும் சாலையில் வேகவரம்பு 30 கி.மீ. என்றால் எனக்கு நிம்மதி. பலகையில் 30 என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. தெரு குறுகலாகவோ வேகத்தடை உள்ளதாகவோ இருந்தால்தான் ஓட்டுபவர் வேகத்தைக் குறைப்பார்.

பள்ளி விஷயத்தில் ஒரு பழைய யோசனை இன்றும் உதவும். அமெரிக்க நகரத் திட்டச் சிந்தனையாளர் கிளாரன்ஸ் பெர்ரி 1929-இல் நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காக ஒரு குடியிருப்பு மாதிரியை எழுதினார். நடுவில் தொடக்கப்பள்ளி, சுற்றிலும் ஏறத்தாழ 400 மீட்டருக்குள் வீடுகள், பெரிய சாலைகள் ஓரங்களில் மட்டும். குழந்தை பெரிய சாலையைக் கடக்காமலே பள்ளிக்குப் போய்வர வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. உங்கள் மூன்று ஊரிலும் அப்படி ஒரு தெரு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், இன்னும் மூன்று வருடத்தில் மகள் தோழிகளோடு சேர்ந்து நடந்தே போய்விடுவாள்.

சரி, உங்கள் வேலைப் பயணம். நிலையம் எவ்வளவு பக்கம் என்பதோடு ரயில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்றும் பாருங்கள். 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பீர்கள், அட்டவணையை மறந்துவிடலாம். அரை மணிக்கு ஒன்று என்றால் அன்றைய நாளே அதைச் சுற்றித்தான் நடக்கும். இரவு கடைசி ரயில், ஞாயிற்றுக்கிழமை ரயில் இரண்டையும் மறக்காமல் பாருங்கள். 'இங்கே சீக்கிரம் ரயில் வரப்போகிறது' என்பதை நம்பிப் பணம் போடாதீர்கள். இன்று ஓடுவதை மட்டும் கணக்கில் எடுங்கள். கார் பெருகுவதற்கு முன்பே ரயிலையோ டிராமையோ நம்பி வளர்ந்த புறநகர்களில் இதெல்லாம் இயல்பாகவே அமைந்திருக்கும். பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனும் சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கும் அப்படி வளர்ந்தவை. உங்கள் மூன்றில் ஒன்று அந்த மாதிரிப் பழைய ஊராக இருந்தால் அதை முதலில் போய்ப் பாருங்கள்.

இணையத்தில் நடைவசதிக்கு மதிப்பெண் தரும் தளங்கள் உண்டு. 2007-இல் வந்த வாக் ஸ்கோர் 100-க்கு மதிப்பெண் போடுகிறது. ஐந்து நிமிட நடையில் உள்ள கடைக்கு முழுப் புள்ளி, 30 நிமிடத்தைத் தாண்டினால் ஒன்றுமில்லை. வடிகட்டுவதற்கு நல்லது. நடைபாதை உடைந்திருப்பதையும் விளக்கு எரியாததையும் அது சொல்லாது.

அதற்கு நேரில்தான் போக வேண்டும். வேலை நாள் ஒன்றில் நிலையத்தில் இறங்கி, இருட்டிய பிறகு, கையில் ஐந்து கிலோ சுமையோடு அந்த வாசல் வரை நடந்து பாருங்கள். அப்புறம் ஒரு மழை நாளில் போங்கள், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தெரியும். அம்மாவையும் ஒரு நாள் கூட்டிப் போங்கள். நடைபாதையில் எங்கே இறங்கி ஏறுகிறார், எங்கே சுவரைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். எதிரே ஒரு சக்கர நாற்காலி வந்தால் இருவரும் தாராளமாக விலக 1.8 மீட்டர் அகலம் வேண்டும். வயதானவர்களும் பிள்ளைகளும் தனியாக நடமாடும் தெரு என்றால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்த மாதிரிதான்.

இப்படிப்பட்ட தெருவில் அதே விலைக்கு வீடு சிறிதாகத்தான் கிடைக்கும். ஓர் அறை குறையலாம். விலையை மட்டும் ஒப்பிடாமல், தூரத்து வீட்டுக்குப் போனால் தேவைப்படும் இரண்டாவது காரின் கடன், காப்பீடு, எரிபொருள், பராமரிப்பு, நிறுத்துமிடம் எல்லாவற்றையும் பத்து வருடத்துக்குக் கூட்டி, தூரத்து வீட்டின் விலையோடு சேர்த்து எழுதிப் பாருங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களை இந்தக் கணக்கை என் முன்னாலேயே போட வைக்கிறேன். பலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார்கள். கூடவே, அந்தத் தெருவை அகலப்படுத்தும் திட்டம் ஏதும் இருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். அமைதியான தெரு ஆறு வழிச்சாலையானால் உங்கள் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

முடிந்தால் உடனே வாங்காதீர்கள். பிடித்த தெருவில் ஆறு மாதம் வாடகைக்கு இருங்கள். அந்த ஆறு மாதத்தில் காரை எத்தனை முறை, எதற்காக எடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் போனால், அதே ஊரில் வேறு தெரு பாருங்கள்.